சத்தம் வேணும், கை வேண்டாம்

பாலவனத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பங்குனிப் பொங்கல். மேடைக்குப் பின்னால் வண்டியிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற இரண்டு பேருக்குள் தகராறு. ரெண்டு பேரும் நம்ம தெருப் பிள்ளைகள். ஒருத்தன் வட்டிக்கு வாங்கி, சென்னையில் இரண்டாம் கையாக ஒரு சிவப்புப் பெட்டி வாங்கி வந்திருந்தான். நோர்டு எலக்ட்ரோ. ஸ்வீடன் நாட்டுச் சரக்கு. பழைய ஹாமண்ட் ஆர்கன் சத்தம் அச்சா அதில் வருமாம். இன்னொருத்தன் லேப்டாப்பைத் திறந்து வைத்து, வெறும் கட்டைகள் மட்டும் உள்ள ஒரு சின்னப் பலகையை அதில் செருகியிருந்தான். "உன் பெட்டி விலையில பத்துல ஒரு பங்குகூட ஆகல. எங்கிட்ட ஆர்கனும் இருக்கு, மூக்கும் இருக்கு, டி.எக்ஸ்-7ம் இருக்கு" என்றான்.

"நடுப்பாட்டுல தொங்கிப் போச்சுன்னா என்ன செய்வ?"

"உன் பெட்டிக்குள்ள மட்டும் என்ன ஆர்கனா இருக்கு? அதுலயும் புரோகிராம்தான்டா ஓடுது."

என் சித்தப்பா வண்டி நிழலில் குத்தவைத்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தப்பு அடித்தவர். விட்டு வெகுநாளாயிற்று. கடைசியில் கேட்டார்: "அதுல தப்புச் சத்தம் இருக்காப்பா?" லேப்டாப்காரன் சிரித்துக்கொண்டே ஒரு கட்டையை அழுத்தினான். ‘டும்’ என்றது. மறுபடி அழுத்தினான். அதே ‘டும்’. சித்தப்பா தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "சரி, இது ஒரு அடி. பாக்கி எங்க?"

அந்தக் கேள்விக்கு நான் எழுதுகிற உரை என்று இந்தக் கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியா, சாப்ட்வேரா என்ற தகராறு பாலவனத்தத்தில் பிறந்ததில்லை. வாத்தியக்காரர்கள் உலகம் முழுக்க இதைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழைய சின்தசைசர், பழைய ஆர்கன் இவற்றின் சத்தத்தைப் புதிதாகச் செய்த தனிப்பெட்டியில் வாசிப்பதா, கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஏற்றிக்கொண்டு வாசிப்பதா? பெட்டிக்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. சுவிட்சைப் போட்டால் வாசிக்கலாம். திருகும் இழுவையும் கைக்கடக்கமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். கட்டையை அழுத்துவதற்கும் சத்தம் கேட்பதற்கும் நடுவில் இடைவெளி தெரியாது. கம்ப்யூட்டரில் அந்த இடைவெளி சில மில்லி செகண்ட் கூடினாலே விரல் தடுமாறும்; ரொம்பக் குறைக்கப் போனால் சத்தம் பொரியும். எங்கள் பக்கத்து மேடையில் வெயிலும் ஜெனரேட்டர் கரண்டும் வேறு சேர்ந்துகொள்ளும்.

மென்பொருள்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த நியாயத்தின் பெயர் காசு. டி.எக்ஸ்-7 சின்தசைசரை யமஹா 1983இல் கொண்டுவந்தபோது எங்கள் தெருவில் எவனும் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். இன்று அதன் சத்தத்தைத் தருகிற டெக்ஸ்டு என்ற மென்பொருள் சும்மாவே கிடைக்கிறது. கரிமூட்டம் போடுகிறவன் மகனுக்கும் விசைத்தறி ஓட்டுகிறவன் மகளுக்கும் இது பெரிய கதவு. யாருடைய திண்ணையிலும் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டியதில்லை. எந்த வாத்தியாரும் "நீ எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியத்தோடு கிளம்பிய இளையராஜா 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்தார். எந்திரம் யார் கைக்கும் வசப்படும் என்பதை எங்கள் அப்பன்மார் அப்படித்தான் கண்டுகொண்டார்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை லேப்டாப்காரன் சொன்னதுதான் சரி. செய்முறை இரண்டுதான். ஒன்று சாம்பிள்: அசல் வாத்தியத்தை ஒவ்வொரு சுரமாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தும்போது அந்தப் பதிவை ஓட்டுவது. மற்றது மாடலிங்: அசலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கணக்காக எழுதிவைத்து, ஒவ்வொரு தரமும் சத்தத்தைப் புதிதாகப் பிறக்கவைப்பது. சிவப்புப் பெட்டிக்குள் இருப்பதும் இதுதான், லேப்டாப்புக்குள் இருப்பதும் இதுதான். மூக் கம்பெனி 1970இல் செய்த மினிமூகை 2016இல் பழைய மின்சுற்றோடு திரும்பச் செய்ததே, அதுமாதிரியானவை தனி. மற்றபடி பெட்டிக்கும் மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் விலை, வசதி, மேடை நம்பிக்கை. இதற்காக ராத்திரி முழுக்கச் சண்டை போடலாம், முடிவு வராது.

நாம் கேட்க வேண்டியது வேறு. எதைப் போலி செய்கிறார்கள்? எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார்கள்? யாருக்காக?

ஹாமண்ட் ஆர்கன் கதையையே எடுத்துக்கொள்வோம். லாரன்ஸ் ஹாமண்ட் அமெரிக்காவில் மின்சாரக் கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். 1935இல் ஆர்கன் விற்க வந்தார். அதற்குள் 91 உலோகச் சக்கரங்கள் காந்தத்தின் முன்னால் சுழலும். அதிலிருந்துதான் சுரம் பிறக்கும். பெரிய சர்ச்சுகளில் இருக்கிற குழாய் ஆர்கனுக்கு மலிவான மாற்று என்று சொல்லி விற்றார்கள். ஆக, இன்று எல்லாரும் ‘அசல்’ என்று கும்பிடுகிற ஹாமண்டே பிறக்கும்போது ஒரு போலிதான். இது பொய் விளம்பரம் என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் விசாரணைக்கு இழுத்தது. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்துச் சர்ச்சில் இரண்டையும் மறைவாக வாசிக்கவைத்து, எது குழாய், எது ஹாமண்ட் என்று காது தேர்ந்தவர்களைக் கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு தரம் தப்பாகச் சொன்னார்கள். ஆனாலும் ஆணையம் விடவில்லை. சில விளம்பர வாசகங்களை நிறுத்தச் சொல்லி 1938இல் உத்தரவு போட்டது.

அந்தப் போலியை அசலாக்கியது யார்? குழாய் ஆர்கன் வாங்க வக்கில்லாத கறுப்பர் சர்ச்சுகள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியார் குரல் ஏற ஏற ஆர்கனும் கூடவே ஏறுகிற அந்த வாசிப்பை அவர்கள் உண்டாக்கினார்கள். 1956இல் ஜிம்மி ஸ்மித் இசைத்தட்டு போட்டபோது ஹாமண்ட் ஜாஸ் வாத்தியமாகவும் ஆனது. கட்டைக்கு அடியில் ஒன்பது தொடுப்புகள் உண்டு. அவை ஒரே நொடியில் தொடாது. அதனால் ஒவ்வொரு சுரமும் ஒரு சின்ன ‘கிளிக்’ சத்தத்தோடு பிறக்கும். செய்தவர்கள் அதைக் குறை என்றார்கள். வாசித்தவர்கள் அதைத் தாளமாக்கிக்கொண்டார்கள். டான் லெஸ்லி என்ற வெளியாள் செய்த சுழலும் ஸ்பீக்கரை ஹாமண்ட் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை, வாசிப்பவர்களுக்குப் பிடித்தது. அது இல்லாமல் இன்று ஹாமண்ட் சத்தம் என்று ஒன்றை யாராலும் நினைக்க முடியாது.

1970களின் நடுவில் சக்கர ஆர்கன் செய்வதை நிறுத்திவிட்டார்கள். பி-3 ஆர்கன் பெஞ்சு, மிதியோடு சேர்த்து ஏறக்குறைய 190 கிலோ. தூக்க நாலு ஆள் வேண்டும். அதனால் போலி செய்ய ஆரம்பித்தார்கள். 2000இல் ஜெர்மனிக்காரர்களின் பி-4 மென்பொருள் வந்தது. 2001இல் ஸ்வீடன் பெட்டி வந்தது. இவற்றைச் செய்தவர்கள் எந்த அளவுக்குப் போனார்கள் தெரியுமா? அந்த ‘கிளிக்’கைக் கணக்குப் போட்டு எழுதினார்கள். பழைய சக்கரங்களில் பக்கத்துச் சுரம் லேசாகக் கசியும். அந்தக் கசிவையும் எழுதினார்கள். லெஸ்லி ஸ்பீக்கர் மெதுவான சுழற்சியிலிருந்து வேகத்துக்கு ஏற எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் எழுதினார்கள். குறையைக்கூடக் கீழே சிந்தவிடவில்லை.

ரோலண்ட் டி.ஆர்-808 என்ற தாளப்பெட்டியின் கதையும் இதே ஜாடைதான். 1980இல் வந்தது. அசல் டிரம் மாதிரி இல்லை என்றார்கள். 1983இல் செய்வதை நிறுத்தினார்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததைக் கறுப்பு இளைஞர்கள் எடுத்துப்போனார்கள். ஹிப்-ஹாப்பும் டெக்னோவும் அந்தப் பெட்டியின் மேல் நடந்து வந்தன. போலி என்று ஒதுக்கப்பட்ட அதே பெட்டிக்கு, ரோலண்ட் கம்பெனியே 2017இல் ஒரு குட்டிப் போலி செய்து விற்றது.

இதில் எனக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. முதலாவது, அசல் என்பது வாத்தியத்தோடு பிறப்பதில்லை. அதை வாசிக்கிற சனங்கள் உண்டாக்குவது. இரண்டாவது, போலி செய்வதும் ஒரு மரியாதை. எதன் குறையைக்கூட விடாமல் ஒருவன் நகலெடுக்கிறானோ, அதை அசல் என்று அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். அந்த மரியாதையிலும் ஒரு கள்ளம் உண்டு. பழைய ஆர்கன் மேல் ஹாமண்ட் பெயர். புதுப்பெட்டி மேல் ஸ்வீடன்காரன் பெயர். ‘கிளிக்’கைத் தாளமாக்கிய கறுப்பு விரல்களின் பெயர் எதன் மேலும் இல்லை.

நம்ம நாட்டிலும் மரியாதையோடு செய்த போலி உண்டு. சபா மேடையில் தம்பூரா மீட்ட ஆள் கிடைப்பது குறைந்தபோது பெங்களூர் ராடெல் போன்ற கம்பெனிகள் மின்னணுத் தம்பூராப் பெட்டி செய்தன. இன்று அதே தம்பூரா செல்போனில் மென்பொருளாக இருக்கிறது. பெட்டித் தம்பூராவா, போன் தம்பூராவா என்று கர்நாடக இசைக்காரர்களும் பேசுகிறார்கள். குதிரையின் மேல் நூல் வைத்துக் கொண்டுவருகிற அந்த ரீங்காரம் எதில் சரியாக விழுகிறது என்பதுதான் பேச்சு. ஒரு நூல் இழை உண்டாக்குகிற வித்தியாசத்தைப் பிடிக்கப் பொறியாளர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நல்லது. குறை சொல்லவில்லை.

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். "பாக்கி எங்க?"

தப்பில் இரண்டு குச்சி. இடது கையில் மெல்லிசான நீளமான மூங்கில் சிம்பு. வலது கையில் கட்டையான அடிக்குச்சி. சிம்பு ஓரத்தில் பொரிந்துகொண்டே இருக்கும். அடிக்குச்சி நடுவில் இறங்கும். ஓரத்து அடிக்கு ஒரு சத்தம், நடு அடிக்கு ஒரு சத்தம், இரண்டுக்கும் இடையில் எத்தனையோ. இடது கைவிரல் தோலை லேசாகத் தொட்டால் சத்தம் மூடும், எடுத்தால் திறக்கும். தோல் மாட்டுத் தோல். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் பேசும். காய்ச்சினவுடன் கணீர் என்று இருக்கும். அடிக்க அடிக்க இறங்கும். பனி விழுந்தால் சீக்கிரம் இறங்கும். திரும்பக் காய்ச்ச வேண்டும். ஒரே ராத்திரியில் ஒரே தப்புக்கு எத்தனையோ குரல். அதுவும் ஒற்றைத் தப்பு இல்லை. நாலைந்து பேர் நடந்துகொண்டே, ஆடிக்கொண்டே, ஒருவர் விட்ட இடத்தை ஒருவர் நிரப்பி அடிப்பது. சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி. அடியை வைத்தே என்ன சேதி என்று அடுத்த ஊர்க்காரன் சொல்லிவிடுவான்.

நம்ம பையன்கள் மேடையில் வைத்திருக்கிற ரிதம் பேடுகளிலும் லேப்டாப்புகளிலும் நான் கேட்ட வரைக்கும் இதெல்லாம் எங்கே போயிற்று? யாரோ ஒருவர், எங்கோ ஒரு அறையில், ஒரு தடவை அடித்த அடி. காய்ச்சியதா, காய்ச்சாததா தெரியாது. அதையே கட்டையை அழுத்தும்போதெல்லாம் ஓட்டுகிறது. நல்ல பியானோ சாம்பிள் செய்கிறவன் ஒரே சுரத்தை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று பல பலத்தில் பதிகிறான். அதே சுரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் யந்திரம் மாதிரிக் கேட்டுவிடக் கூடாது என்று பல பதிவுகளை மாற்றி மாற்றி ஓடவிடுகிறான். தப்புக்கு அந்தக் கவலை யாருக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை? தொழில்நுட்பம் இல்லையா? ஆர்கனின் கசிவை எழுதத் தெரிந்தவனுக்குத் தோலின் சூட்டை எழுதத் தெரியாதா? ‘பறை என்றால் டும்’ என்று காது ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது; அதுதான் காரணம். ஊர்க்காதுக்குப் பறை ஒரு சங்கீதம் இல்லை. ஒரு அறிவிப்பு. அறிவிப்புக்கு ஒரு ‘டும்’ போதும்.

போலி, அசல் என்ற பேச்சுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்தான் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். ஒரு வெள்ளைக்காரர் எதுகைக்காகத் திருக்குறளைத் திருத்தி அச்சடித்து வைத்திருந்ததைக் கண்டு, பிரதிகள் மொத்தத்தையும் விலைக்கு வாங்கி ஒழித்தார் என்று சொல்வார்கள். எம்.ஏ. தமிழ் வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நம்ம ஊர் ஜமீன் என்று. அசல் பாடத்தின் மேல் அவ்வளவு அக்கறை. ஓர் எழுத்து மாறக் கூடாது.

அதே வகுப்பில் தொல்காப்பியமும் நடந்தது. ஐந்து திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது பறையும் அதில் ஒன்று. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். இரண்டாயிரம் வருஷத்துப் பறைக்கு வகுப்பில் அத்தனை மரியாதை. விடுதிக்குத் திரும்பி, "எங்க சித்தப்பா தப்பு அடிப்பார்" என்று சொன்னபோது அறையில் விழுந்த அமைதி வேறு. பாடப்புத்தகத்தில் பறை இருந்தது, பறையடிக்கிறவன் இல்லை. யோசித்துப் பார்த்தால் அந்தப் பாடமும் ஒரு சாப்ட்வேர்தான். சத்தத்தை எடுத்துக்கொண்டு கையைக் கழித்துவிட்டது. எழுத்து மாறக் கூடாது என்று பதறுகிற மரபுக்கு, அடி மாறினால் பதற்றம் இல்லை.

பெட்டி வடிவத்தில் இதற்குச் சாட்சி வேண்டுமானால் கோயிலுக்குப் போங்கள். இரும்புச் சட்டத்தில் முரசும் மணியும் தாளத்தட்டும் மாட்டி, மோட்டார் வைத்து, சுவிட்சைப் போட்டால் எல்லாம் ஒன்றாக அடிக்கிற யந்திரம் தமிழ்நாட்டுக் கோயில்களில் நிறைய வந்துவிட்டது. தீபாராதனை நேரத்தில் பூசாரி சுவிட்சைப் போடுவார். ‘டம் டம் டம்’ என்று ஒரே சீராக அடிக்கும். பெரிய கோயிலில் அது இசை வேளாளர் தவிலின் இடத்தை எடுத்தது. எங்கள் பக்கத்துச் சின்ன அம்மன் கோயில்களில், வாசலுக்கு வெளியே, மழையோ வெயிலோ நின்று அடித்த நம்மவர்களின் இடத்தை எடுத்தது. யந்திரம் நிற்கிற இடத்தைக் கவனியுங்கள். உள்ளே. மண்டபத்தில், சாமிக்குப் பக்கத்தில். அடித்தவன் தலைமுறை தலைமுறையாக எந்தப் படியைத் தாண்டவில்லையோ, அந்தப் படியைத் தாண்டி அவன் சத்தம் மட்டும் உள்ளே போய்விட்டது. சத்தத்துக்குத் தீட்டு இல்லை. தீட்டு கைக்கு. சத்தம் வேணும், கை வேண்டாம். தீண்டாமை இத்தனை காலம் தேடிய கருவி இதுதான் என்று தோன்றுகிறது. மனிதனைத் தொடாமல் அவன் உழைப்பை எடுத்துக்கொள்ள ஊர் முன்பு பாடாய்ப் பட்டது: தூர நிறுத்தியது, கூலியை மேலேயிருந்து போட்டது. இப்போது ஒரு மோட்டார் போதும்.

இங்கே நிறுத்தினால் இது அழுகைக் கட்டுரை ஆகிவிடும். ‘ஐயோ, மரபுக் கலை அழிகிறதே’ என்று உச்சுக்கொட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தப்பு நமக்குக் கலையாக மட்டும் வரவில்லை. கட்டாயமாக வந்தது. சாவு விழுந்தால் போயே ஆக வேண்டும். காய்ச்சலோ, வீட்டில் பிரசவமோ, போகாவிட்டால் அடி. இந்தக் கட்டாயத்துக்கு எதிராகத் தென்னார்க்காட்டில் எல்.இளையபெருமாள் போராடியது நமக்குத் தெரியும். ‘சாவு மேளம் அடிக்க மாட்டோம்’ என்று எழுந்து தப்பைத் தீயில் போட்ட சேரிகள் எத்தனையோ. என் சித்தப்பாவும் அப்படித்தான் விட்டார். ஒரு சாவு வீட்டில் விடிய விடிய அடித்துவிட்டுக் கூலி கேட்டபோது கிடைத்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்து தப்பைப் பரணில் ஏற்றினார். பிறகு இறக்கவில்லை. அந்த வீட்டு அடுத்த சாவுக்கு ரேடியோ செட்காரன் பாட்டுப் போட்டான். நல்லது என்றார் சித்தப்பா. "மெசினை எவனும் ‘வாடா’ன்னு கூப்பிட முடியாதுல்ல."

2022 ஆகஸ்டில் தண்டோரா போடுகிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிக்கலாம் என்றார். இங்கே எந்திரம் நமக்கு விடுதலையாக வந்தது. இதை மறுக்கிறவன் ஒருநாளும் தமுக்கு எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவில் செருப்பில்லாமல் நடக்காதவன். ஆகவே ‘அசல் பறைதான் வேண்டும், எந்திரம் கூடாது’ என்று யாராவது நம்மிடம் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: யார் அடிப்பது?

அதே நேரத்தில் இன்னொரு வரலாறும் கூடவே ஓடியது. கே.ஏ.குணசேகரன் நம்ம பாட்டையும் அடியையும் மேடையேற்றினார். மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டார் மெட்டில் வழிபாட்டுப் பாட்டு கட்டினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். பெண் தொடக் கூடாது என்ற தீட்டையும் சேர்த்து அடித்தார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடையில் கானாவும் பறையும் கித்தாரும் ஒன்றாக நின்றன. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஒரு பக்கம் விட்டெறிந்தோம், ஒரு பக்கம் எடுத்தோம். இரண்டும் ஒரே அரசியல்தான். கட்டாயத்தை எறிந்தோம், அடியை எடுத்தோம். எறிவதும் எடுப்பதும் நம் தீர்மானமாக இருக்க வேண்டும் என்பதே கேட்டது.

எந்திரத்தின் மேல் எனக்குள்ள வழக்கு இந்த இடத்தில்தான். கோயில் மோட்டாரும் ‘டும்’ சாம்பிளும் நம்மைக் கட்டாயத்திலிருந்து விடுவிக்க வந்தவை அல்ல. ஊரை நம்மிடமிருந்து விடுவிக்க வந்தவை. நாம் மறுத்தபோது ஊர் தன்னை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்: கூலியை உயர்த்தி, ‘வாங்க’ என்று கூப்பிட்டு, உள்ளே நிற்கவைத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் ஒரு சுவிட்ச் வாங்கிக்கொண்டது. மாற வேண்டிய அவசியம் ஊருக்கு இல்லாமல் போயிற்று.

அந்த ‘டும்’ யாருடையது? ஒரு கலைஞனைக் கூப்பிட்டு, ஒரு நாள் கூலி கொடுத்து, நூறு அடி அடிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டால், அதை ஆயிரம் பாட்டில் ஓட்டலாம். அவனுக்கு அந்த ஒரு நாள் கூலிதான். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துகலைஞர் உரிமை சேர்ந்தது; 2012 திருத்தம் அதைப் பலப்படுத்தி, வணிகப் பயன்பாட்டுக்கு உரிமைத்தொகையும், தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்கிற உரிமையும் தந்தது. சட்டம் பாட்டையும் கச்சேரியையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒற்றை அடியை அறுத்து எடுத்து விற்கிற வியாபாரத்துக்கு முன்னால், கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்கிப் போன தப்புக்காரன் எந்தக் கோர்ட்டில் நிற்பான்? ஆர்கன் வாசித்த கறுப்பன் பெயர் பெட்டியில் இல்லாதது போலவே இவன் பெயரும் கோப்பில் இல்லை. ‘நாட்டுப்புறத் தாளம் 3’ என்று எண் போட்டிருக்கிறது.

நம்ம பையன்கள் பெட்டிக்கும் சாப்ட்வேருக்கும் சண்டை போட்டது போதும் என்று நினைக்கிறேன். ரெண்டும் நமக்கு வேண்டும். எது மலிவோ அது முதலில் வேண்டும். ஆனால் உள்ளே ஓடுகிற சத்தத்தை நாமே செய்ய வேண்டும். ஹாமண்டுக்குக் கிடைத்த அந்த நுணுக்கம் தப்புக்கு நம் கையால்தான் கிடைக்கும்.

பொங்கல் முடிந்த வாரம் லேப்டாப்காரன் வீட்டுக்கு வந்தான், மைக்கோடு. சித்தப்பா முதலில் மாட்டேன் என்றார். பிறகு பரணிலிருந்து தப்பை இறக்கினார். அத்தனை வருஷத்துத் தூசி. சட்டம் சரியாக இருந்தது, தோல் கிழிந்திருந்தது. வேறு தோல் கட்ட நாலு நாள் ஆனது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தினோம். பையன் மைக்கை வைத்து, "அடிங்க பெரியப்பா" என்றான். காய்ச்சாமல் ஒரு தடவை, காய்ச்சி ஒரு தடவை, சூடு இறங்கின பிறகு ஒரு தடவை. ஓரம், நடு, விரல் மூடி, விரல் எடுத்து. சிம்பு தனியாக. ஒவ்வொன்றும் மெல்ல, ஓங்கி. ஒரே அடியைப் பத்துத் தரம் கேட்டபோது சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது: "ஒரே அடிய எப்படிடா பத்துத் தரம் அடிக்க முடியும்? ஒவ்வொண்ணும் வேற வேற." அதுதான் வேணும் என்றான் பையன்.

சாயங்காலம் வரை ஆயிற்று. முன்னூறுக்கு மேல் துண்டுகள். கம்ப்யூட்டரில் பெயர் போட வேண்டிய நேரம் வந்தது. பழக்கதோஷத்தில் பையன் ‘தப்பு 1’ என்று அடிக்க ஆரம்பித்தான். நான் நிறுத்தச் சொன்னேன். சித்தப்பாவின் பெயரை எழுதினோம்; தெருவின் பெயரை எழுதினோம்; இதை யார் எந்தப் பாட்டில் சேர்த்தாலும் அவர் பெயர் வர வேண்டும், காசு வந்தால் அவருக்குப் பங்கு வர வேண்டும் என்று ஒரு தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாள் கோர்ட்டில் நிற்குமா என்பது பிறகு பார்க்க வேண்டிய விஷயம்.

பையன் எல்லாவற்றையும் ஏற்றி முடித்துக் கட்டையைத் தட்டிக் காட்டினான். சித்தப்பா வெகுநேரம் கேட்டார். "பரவால்ல. முக்காவாசி வந்துருச்சு" என்றார். மீதிக் காலை எப்படிக் கொண்டுவருவது என்று பையன் கேட்டான்.

"அதுக்கு என்னையக் கூப்பிடு. கூலி பேசிக்கிட்டு வர்றேன்."